ரோஜாவும் மஸ்க்கும் கலந்த சென்ட்: கடையில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நாகர்கோவிலில் ஒரு சின்ன பேன்சி கடையில் சென்ட் பகுதியைப் பார்த்துக்கொள்வது என் வேலை. கல்யாண மாதங்களிலும் கிறிஸ்துமஸ் சமயத்திலும் அதிகம் போவது ஒரே வகைதான்: பெண்களுக்கான ரோஜா சென்ட், அதிலும் அடியில் மஸ்க் போட்டுக் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருப்பது. வாங்க வருகிறவர்களின் சந்தேகங்களும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். சொன்னதையே சொல்லி வாய் வலித்ததால் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் குறிக்க ஆரம்பித்தேன். அதுதான் இது. கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

எக்கா, பெட்டியில ‘வார்ம் மஸ்கி ரோஸ்’னு போட்டிருக்கே, மணத்துல என்ன சூடு?

எலுமிச்சை, புதினா, அப்போதுதான் நறுக்கின வெள்ளரிக்காய் இதெல்லாம் மூக்குக்குக் குளிர்ச்சியாகப் படும். கிராம்பு, பட்டை, வனிலா, சந்தனம், சாம்பிராணி வெதுவெதுப்பாகப் படும். ரோஜா இரண்டு பக்கமும் சாயக்கூடிய மணம். எலுமிச்சை வகையோடு சேர்த்தால் மழை நின்ற தோட்டம் மாதிரி இருக்கும். வனிலா, சந்தனம், பச்சௌலி என்ற இலை எண்ணெயோடு சேர்த்தால் பெட்டிக்குள் மடித்து வைத்த பட்டுச்சேலை மாதிரி ஆகிவிடும். அதைத்தான் ‘வார்ம்’ என்கிறார்கள். பச்சௌலி என்ற சொல்லே நம் ‘பச்சை இலை’யிலிருந்து போனது என்று சொல்வார்கள்.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். பன்னீர் ரோஜா ஒன்றின் இதழ்களை உள்ளங்கையில் வைத்து லேசாகக் கசக்குங்கள். மாறாமலைப் பக்கம் விளைகிற கிராம்பு வீட்டில் இருந்தால் ஒன்றை நசுக்கி அதோடு சேர்த்து முகருங்கள். ரோஜா சட்டென்று கனத்துப் போகும், வயசு கூடின மாதிரி. ரோஜா எண்ணெயிலேயே யூஜினால் என்ற பொருள் கொஞ்சம் உண்டு, கிராம்புக்கு மணம் தருவதும் அதேதான். அதனால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும்.

‘மஸ்க்’ என்பது கஸ்தூரி. சென்ட்டில் முதலில் எழும்புகிற மணம் பத்து, பதினைந்து நிமிடம் இருக்கும். நடுவில் வருவது இரண்டு மூன்று மணி நேரம். அடியில் கிடப்பதுதான் சாயங்காலம் வரை தங்கும். இந்த வகையில் ரோஜா நடுவில், மஸ்க் அடியில். ரோஜாவைப் பார்த்து வாங்குகிறோம், குடித்தனம் நடத்துவது மஸ்க்கோடு. கீழே பல பதில்கள் இதில்தான் வந்து நிற்கும்.

ரோஸ் மில்க் மாதிரி மணக்குமா? எனக்கு அது பிடிக்காது.

நல்ல சென்ட் அப்படி மணக்காது. ரோஸ் மில்க், ஊதுபத்தி, பாட்டில் பன்னீர் மூன்றிலும் முன்னால் நிற்பது பீனைல் எத்தில் ஆல்கஹால் என்ற ஒரே பொருள். உண்மையான ரோஜாவிலும் அது உண்டு. தண்ணீரில் கரைவதால் பூவைக் காய்ச்சும்போது பன்னீரோடு போய்விடும். அதனால்தான் நமக்கு ‘ரோஜா மணம்’ என்றாலே பன்னீர் ஞாபகம் வருகிறது.

பூவில் நூற்றுக்கணக்கான பொருட்கள் இருக்கின்றன. சிட்ரோனெல்லால், ஜெரானியால், நெரால் என்ற மூன்றும் முக்கியம். பீட்டா டமாசினோன் என்று ஒன்று, அளவில் துளியூண்டு, ஆனால் வேகவைத்த பழம் மாதிரி ஓர் ஆழம் கொடுப்பது அதுதான். ஒரே பொருளை மட்டும் வைத்துச் செய்தால் ரோஸ் மில்க், நாலையும் சேர்த்தால் ரோஜா.

கஸ்தூரின்னா மானைக் கொன்னு எடுக்கதுதானே? நாங்க சைவம், இதைப் போடலாமா?

போடலாம். இந்தக் காலத்தில் கடையில் விற்கிற எந்த ‘மஸ்க்’ சென்ட்டிலும் மான் இல்லை. பழைய கஸ்தூரி இமயமலைப் பக்கத்துக் கஸ்தூரி மானில், அதுவும் ஆணில் மட்டும், தொப்புளுக்குப் பக்கத்தில் இருக்கும் பையிலிருந்து வந்தது. அதற்காகக் கொன்று கொன்றே அந்த மான் அருகிப் போனது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அது முதல் அட்டவணையில் இருக்கிறது. வேட்டையாடுவதும் விற்பதும் குற்றம். யாராவது ‘அசல் மான் கஸ்தூரி’ என்று கையில் திணித்தால் ஒன்று பொய், இல்லாவிட்டால் கேஸ்.

இப்போது வருவது ஆய்வகச் சரக்கு. இதன் கதை வேடிக்கையானது. 1888இல் ஆல்பர்ட் பௌர் என்ற ஜெர்மானியர் வெடிமருந்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். கைக்கு வந்த ஒரு பொருள் வெடிப்பதற்குப் பதிலாக மணத்தது. முதல் செயற்கைக் கஸ்தூரி அப்படித்தான் பிறந்தது. மான் கஸ்தூரியில் உண்மையில் மணப்பது மஸ்கோன் என்ற பொருள். அதை 1906இல் பிரித்தெடுத்தார்கள். அதன் அமைப்பை 1926இல் ருசிக்கா கண்டுபிடித்துச் சொன்னார், 1939இல் வேதியியல் நோபல் பரிசு வாங்கியவர் அவர்.

செடியிலும் கஸ்தூரி உண்டு. கஸ்தூரி வெண்டை என்று ஒரு செடி, நம் வெண்டைக்காயின் சொந்தக்காரி. அதன் விதையிலிருந்து எடுக்கும் எண்ணெயில் மென்மையான மஸ்க் மணம் வரும். விலை அதிகம் என்பதால் உயர்ந்த சென்ட்களில் மட்டும் போடுவார்கள். கோயில்களில் சொல்லும் புனுகு வேறு, அது புனுகுப் பூனையிலிருந்து வருவது.

அப்போ கஸ்தூரி மஞ்சளும் இதுவும் ஒண்ணா?

பேர் மட்டும்தான் ஒன்று. கஸ்தூரி மஞ்சள் மஞ்சளில் ஒரு வகை. மணமாக இருக்கும் எதற்கும் ‘கஸ்தூரி’ பட்டம் கொடுப்பது நம் பழக்கம். அதைப் பூசிக் குளித்துவிட்டு மேலே இந்த சென்ட்டைப் போட்டால் நன்றாகவே சேரும், அது தனி விஷயம்.

தோவாளையில இவ்வளவு பூ வருதே, நம்ம ஊர்லயே ரோஜா எண்ணெய் எடுத்தா என்ன?

எல்லாரும் கேட்கிற கேள்வி. நானும் ஒருநாள் விடியுமுன் தோவாளைச் சந்தைக்குப் போய் மூக்கை வைத்துப் பார்த்தேன். பிச்சியும் மல்லியும் இருக்கும் பக்கம் தெரு முனையிலேயே ஆளைத் தூக்குகிறது. பேப்பர் சுற்றி வந்திருந்த நீளக்காம்பு ரோஜாக் கட்டுக்குள் முகத்தையே புதைத்தேன், இலை மணம்தான் வந்தது. பக்கத்திலேயே ஒரு சாக்கில் பன்னீர் ரோஜா, உதிரியாக, வெளிறிப்போன நிறத்தில், தொட்டால் இதழ் கொட்டுகிற மாதிரி. அதில் கையை விட்டேன். வீடு வந்து கை கழுவின பிறகும் மணம் போகவில்லை. நாளாகியும் வாடாமல் இருக்கவேண்டும் என்று வளர்த்த ரோஜாக்களில் மணம் குறைந்துபோனது. மணக்கிற ரோஜா ஒரு நாள் தாங்காது.

எண்ணெய்க்கு மணக்கிற வகைதான் வேண்டும், அதுவும் மலைமலையாக. டமாஸ்க் ரோஜா என்று ஒரு வகை, பல்கேரியாவில் கசான்லாக் பக்கமும் துருக்கியில் இஸ்பார்தாவிலும் இதற்காகவே விளைவிக்கிறார்கள். வெயில் ஏறினால் எண்ணெய் குறையும் என்று விடியற்காலையில் பறிப்பார்கள். ஒரு கிலோ எண்ணெய்க்கு மூன்றரை, நாலாயிரம் கிலோ பூ தேவைப்படும். நம் சந்தையில் ரோஜா மாலைக்கும் சாமிக்கும் வருகிறது, காய்ச்சுவதற்கு வருவதில்லை.

இந்தியாவில் இதற்குப் பேர்போன ஊர் உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜ். செம்பு அண்டாவில் பூவும் தண்ணீரும் போட்டு, மூடியை மண் குழைத்து அடைத்து, மூங்கில் குழாய் வழியாக ஆவியை இன்னொரு செம்புப் பாத்திரத்துக்குக் கொண்டுபோவார்கள். அந்தப் பாத்திரம் தண்ணீர்த் தொட்டியில் மூழ்கி இருக்கும், உள்ளே சந்தன எண்ணெய். ரோஜா ஆவி குளிர்ந்து சந்தனத்தில் இறங்கும். ரோஜா அத்தர் கொஞ்சம் ‘வார்ம்’ஆக இருப்பதற்கு அந்தச் சந்தனம் ஒரு காரணம்.

வீட்லயே பூவைத் தேங்காய் எண்ணெய்ல போட்டு செய்யலாமா?

தலைக்குத் தேய்க்க நல்ல எண்ணெய் கிடைக்கும். சென்ட் கிடைக்காது.

ஐந்நூறு ரூபாய்க்கும் ரோஜா இருக்கு, எட்டாயிரத்துக்கும் இருக்கு. பாட்டிலுக்குத்தான் காசா?

பாட்டிலுக்கும் விளம்பரத்துக்கும் ஒரு நல்ல பங்கு போகிறது, பொய் சொல்ல மாட்டேன். முன்னே சொன்ன கணக்கில் அசல் ரோஜா எண்ணெய் கிலோ பல லட்சம் ரூபாய். ஆகவே ஐந்நூறு ரூபாய் பாட்டிலில் அது இருக்க வழியில்லை. எட்டாயிரம் ரூபாய் பாட்டிலிலும் கொஞ்சம்தான் இருக்கும், மீதி ஆய்வகத்துப் பொருட்கள்.

ஆனால் ஆய்வகம் என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். வித்தியாசம் எத்தனை பொருள் சேர்த்தார்கள், எவ்வளவு பக்குவமாகச் சேர்த்தார்கள் என்பதில். மலிவானதில் முதல் ஐந்து நிமிடம் அருமையாக இருக்கும். மூன்றாவது மணி நேரத்தில் அடியில் ஒன்றும் இருக்காது, அல்லது துணி சோப்பு மாதிரி ஒரு மஸ்க் மட்டும் நிற்கும். ஆயிரத்து ஐந்நூறுக்கு நல்லதும் ஆறாயிரத்துக்கு மொக்கையும் எங்கள் அலமாரியிலேயே உண்டு. எது எது என்று நேரில் வந்தால் சொல்வேன்.

பர்ஃபம், ஓ டி பர்ஃபம், ஓ டி டாய்லெட்... எதை எடுக்கணும்?

எவ்வளவு வாசனைச் சாறு, எவ்வளவு ஆல்கஹால் என்ற கணக்கு இது. பர்ஃபம் என்றால் சாறு சுமார் 20 முதல் 30 சதவீதம், ஓ டி பர்ஃபம் 15 முதல் 20, ஓ டி டாய்லெட் 5 முதல் 15, கொலோன் அதற்கும் கீழே. கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மஸ்க் ரோஜாவுக்கு ஓ டி பர்ஃபம் போதும். இரண்டு தடவை அழுத்தினால் சாயங்காலம் வரை வரும்.

இன்னொன்று: ஒரே பேரில் இரண்டு வகை வந்தால் இரண்டும் ஒரே மணமாகத்தான் இருக்கும் என்று நினைக்காதீர்கள். பல நேரம் கலவையே வேறு. டாய்லெட்டில் எலுமிச்சை தூக்கலாகவும், பர்ஃபமில் மஸ்க் தூக்கலாகவும் வைத்திருப்பார்கள்.

கடையில நல்லா இருந்துச்சு, வீட்டுக்குப் போனா வேற மணம். மாத்தித் தருவியளா?

மாற்றித் தர முடியாது, அதனால்தான் வாங்குமுன் கெஞ்சுகிறேன். கடையில் நீங்கள் முகர்ந்தது மேல் மணம், அதுவும் காகிதத் துண்டில். வீட்டில் வந்தது அடி மணம், உங்கள் தோலில். மஸ்க் ரோஜாவைக் காகிதத்தில் மட்டும் பார்த்து வாங்கவே கூடாது. மணிக்கட்டில் ஒரு தடவை அடித்துக்கொண்டு போய் வடசேரியில் காய்கறி வாங்கிவிட்டு வாருங்கள், அல்லது அடுத்த நாள் வாருங்கள். மூன்று மணி நேரம் கழித்து வருகிற மணம் பிடித்திருந்தால் காசைக் கொடுங்கள்.

ஒரே நேரத்தில் மூன்றுக்கு மேல் முகர வேண்டாம். காப்பிக் கொட்டை கொடுத்து மூக்கைச் ‘சுத்தம்’ செய்கிற கடைகள் உண்டு, அதற்கும் சும்மா காற்று வாங்குவதற்கும் பெரிய வித்தியாசமில்லை. வெளியே போய் நில்லுங்கள், இல்லாவிட்டால் உங்கள் சேலைத் தலைப்பையே முகருங்கள். உங்கள் உடம்பு மணம்தான் உங்கள் மூக்குக்குப் பழகினது.

அரை மணி நேரத்துல மணமே இல்ல. டூப்ளிகேட்டா?

இருக்கலாம், அதைப் பின்னால் பார்ப்போம். ஆனால் மஸ்க் ரோஜா விஷயத்தில் பாதிப் பேருக்குச் சிக்கல் பாட்டிலில் இருக்காது, மூக்கில் இருக்கும். மணப் பொருளின் எடையைப் பார்த்தால் புரியும். ரோஜாவின் பீனைல் எத்தில் ஆல்கஹாலுக்கு மூலக்கூறு எடை 122, சிட்ரோனெல்லாலுக்கு 156. மஸ்கோனுக்கு 238. சோப்புத்தூளிலிருந்து சென்ட் வரை எங்கும் போடுகிற கேலக்சொலைடு என்ற மஸ்க்குக்கு 258. இலேசானது பறந்துவிடும், கனமானது தங்கும். கனமான மூலக்கூறுகளில் சிலவற்றைச் சிலரின் மூக்கு கண்டுகொள்வதே இல்லை. ஜலதோஷம் வேண்டாம், பிறவியிலேயே அப்படி. ஒரு மஸ்க் தெரியாதவருக்கு இன்னொரு மஸ்க் நன்றாகத் தெரியும். போதாததற்கு, ஒரே மணத்திலேயே இருந்தால் கொஞ்ச நேரத்தில் மூக்கு அதைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடும்.

குளச்சலிலிருந்து ஒரு மைனியும் நாத்தனாரும் சேர்ந்து வருவார்கள். மைனிக்கு இந்த வகை மஸ்க் தெரியாது. “ஒண்ணுமே மணக்கல”ன்னு சொல்லி எட்டுத் தடவை அடித்துக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறார். திங்கள்நகர் வருவதற்குள் நாத்தனார் ஜன்னலைத் திறந்து தலையை வெளியே நீட்டிவிட்டாராம். ஆகவே மணம் போய்விட்டதா என்று உங்களையே கேட்காதீர்கள், பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள். அவருக்குத் தெரிகிறது, உங்களுக்குத் தெரியவில்லை என்றால் வேறு மஸ்க் போட்ட சென்ட்டை எடுங்கள்.

எங்க அடிக்கணும்? ரெண்டு மணிக்கட்டையும் தேச்சா மணம் உடஞ்சு போகும்னு சொல்றாங்களே?

தேய்த்தால் ஒன்றும் உடையாது. சூட்டில் மேல் மணம் கொஞ்சம் சீக்கிரம் பறக்கும், அவ்வளவுதான். தேய்க்காமல் விடுவது நல்லது, தேய்த்தாலும் குடி முழுகாது. காதுக்குப் பின்னால், முழங்கை மடக்கு, முழங்காலுக்குப் பின்னால் அடிக்கலாம். குளித்துத் துடைத்து, மணமில்லாத கிரீமோ ஒரு துளி தேங்காய் எண்ணெயோ தடவின தோலில் கூடுதல் நேரம் நிற்கும். காய்ந்த தோல் சீக்கிரம் விட்டுவிடும்.

பட்டுச்சேலையில் நேரே அடிக்காதீர்கள். வனிலா சேர்ந்த சென்ட் மஞ்சள் கறை விடும். முத்து போட்டிருந்தால் சென்ட் முதலில், முத்து அப்புறம். ஆல்கஹால் முத்தின் பளபளப்பைத் தின்றுவிடும். குத்துவிளக்குப் பக்கத்தில் நின்று அடிக்கவே கூடாது. பாட்டிலில் பெரும்பங்கு எரிசாராயம், தீப்பிடிக்கும்.

நம்ம ஊரு புழுக்கத்துக்கு இது ஒத்து வருமா? குளிர் ஊருக்குத்தானே இது?

பெட்டியில் ‘குளிர்கால மாலைகளுக்கு’ என்ற ரகத்தில் எழுதியிருப்பார்கள். அதை நம்பினால் நாம் ஆயுசுக்கும் இதைப் போட முடியாது. நமக்குத் தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு, நடுவில் வியர்வை. சூட்டில் மணம் வேகமாக எழும்பும், ஈரக்காற்றில் மூக்கும் நன்றாகப் பிடிக்கும். ஆகவே குளிர் ஊர்க்காரர் நாலு தடவை அடிப்பதை நாம் ஒன்று, ஒன்றரையோடு நிறுத்தினால் போதும். பங்குனி, சித்திரையில் வனிலாவும் ஆம்பர் என்ற இனிப்பான பிசின் மணமும் தூக்கலான ரோஜா பாகு காய்ச்சின மாதிரி திகட்டும். அப்போது மஸ்க் மட்டும் உள்ள, இனிப்புக் குறைந்த ரோஜாவை எடுங்கள். மழைக்காலத்தில் குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் இனிப்பானது பிரமாதமாக இருக்கும். ரப்பர் ஷீட் புகை போடுகிற வாடைக்கு நடுவிலும் தலைநிமிர்ந்து நிற்கும்.

ஊருக்குள்ளேயே மாறும். ஆரல்வாய்மொழிக்காரர்கள் “ஒண்ணுமே நிக்கல”ன்னு வருவார்கள். காற்றாலை சுற்றுகிற காற்றில் ஸ்கூட்டரில் போனால் எந்த சென்ட் நிற்கும்? அவர்களுக்கு நான் சொல்வது: போய்ச் சேர்ந்த பிறகு அடியுங்கள். கடலோரத்தில் உப்புக் காற்றும் வியர்வையும் சேர்ந்து தோலில் உள்ளதைக் கழுவிவிடும், அங்கே கைக்குட்டையில் அடித்து வைத்துக்கொள்ளலாம். ஜவுளிக்கடை, நகைக்கடையில் நாள் முழுக்க ஏசியில் நிற்கிற பெண்களுக்கு நேர்மாறு. குளிர்ந்த காய்ந்த காற்றில் மணம் அடங்கிப் போகும். அவர்களுக்கு அந்த ‘வார்ம்’ வகைதான் சரி.

தலையில பிச்சிப்பூ வச்சிருக்கும்போது ரோஜா சென்ட் அடிச்சா சண்டை போடாதா?

போடாது என்பது என் அனுபவம், அளவு தெரிந்தால். பிச்சியும் மல்லியும் மாலைக்கு மேல்தான் விரியும், அந்த மணத்தில் கொஞ்சம் மிருக வாடை ஒளிந்திருக்கும். மஸ்க்கும் அதே குணம். இரண்டும் ஒன்றை ஒன்று தாங்கும். ஆனால் பூ தலையில் இருந்தால் சென்ட் கழுத்துக்கு வரக்கூடாது, மணிக்கட்டோடு நிறுத்துங்கள். பூ வைக்கிற நாளில் பழ வாசனை தூக்கலான ரோஜாவை மட்டும் தவிர்த்துவிடுங்கள். லிச்சி, ராஸ்பெரி என்று பெட்டியில் போட்டிருக்கும். பிச்சியோடு அது சேராது.

எங்க மாமியார் “செத்த வீட்டு மணம்”னு சொல்லுதாங்க. அவங்களுக்கு என்ன பதில் சொல்ல?

சிரிக்காமல் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது. நம் பக்கம் கடைசி யாத்திரைக்கு ரோஜா மாலை, வழியெல்லாம் உதிர்த்த இதழ், தலைமாட்டில் ஊதுபத்தி. அந்த மணம் மனசில் அங்கேயே போய் உட்கார்ந்துவிடும். மாமியார் சொல்வது பொய் இல்லை. முன்னே சொன்ன அந்தப் பன்னீர் மணம் மட்டும் உள்ள மலிவு ரோஜாவைப் போட்டால் யாருக்குமே அந்த ஞாபகம்தான் வரும். அதே பன்னீரைக் கல்யாண வாசலில் செம்பில் தெளித்துத்தான் ஆளை வரவேற்கிறோம் என்று வாதாடலாம், ஆனால் மாமியாரோடு வாதாடி என்ன பிரயோசனம்?

வேறு வழி உண்டு. சந்தனம், கிராம்பு, குங்குமப்பூ சேர்ந்த ரோஜாவை எடுங்கள். மஸ்க் அடியில் இருக்கட்டும். மூக்கு ஊதுபத்திக்குப் போகாமல் கல்யாணப் பந்தலுக்குப் போகும். ஒருத்தி இதைச் செய்து பார்த்துவிட்டு, மாமியாருக்கும் ஒன்று வேண்டும் என்று வாங்கிப் போனாள்.

ஆல்கஹால் இல்லாம வேணும். அத்தர்ல இந்த மணம் கிடைக்குமா?

கிடைக்கும், நன்றாகவே கிடைக்கும். தக்கலை, தேங்காய்ப்பட்டணம் பக்கமிருந்து வரும் சாச்சிமார் பலர் இதைத்தான் கேட்பார்கள். ரோஜா அத்தர் ஒரு துளி, வெள்ளை மஸ்க் என்று விற்கும் எண்ணெய் ஒரு துளி, மணிக்கட்டில் ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் பெட்டிச் சென்ட் பிச்சை வாங்கணும். சென்ட்டில் உள்ள ஆல்கஹால் மார்க்கப்படி ஆகுமா ஆகாதா என்பது என்னிடம் கேட்கிற விஷயமில்லை, உங்கள் ஆலிமிடம் கேளுங்கள்.

அத்தர் தூரத்துக்கு வீசாது. பக்கத்தில் வருகிறவருக்கு மட்டும் தெரியும், ஆனால் நாள் முழுக்க இருக்கும். எண்ணெய் என்பதால் துணியில் பட்டால் கறை. விலை மலிவாக ‘அசல் ரோஜா அத்தர்’ என்று கிடைத்தால் மேலே சொன்ன நாலாயிரம் கிலோ கணக்கை ஒருதடவை நினைத்துக்கொள்ளுங்கள்.

கழுத்துல அடிச்ச இடம் சொறியுது. மஸ்க்னாலயா?

பெரும்பாலும் ரோஜாவால்தான். ஜெரானியால், சிட்ரோனெல்லால், யூஜினால் மூன்றுமே சிலரின் தோலுக்கு ஆகாது. இயற்கையான ரோஜா எண்ணெயிலும் அவைதான் இருக்கின்றன, ஆகவே ‘இயற்கை’ என்று போட்டிருந்தால் சொறியாது என்று நம்ப வேண்டாம். பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் இந்தப் பேர்கள் இருக்கும். முழங்கை மடக்கில் ஒரு துளி வைத்து இரண்டு நாள் பார்த்துவிட்டு அப்புறம் கழுத்துக்குப் போகலாம். சிவந்து தடித்தால் நிறுத்திவிட்டுத் தோல் டாக்டரைப் பாருங்கள். ஷேவிங், வாக்சிங் செய்த அன்று அடிக்க வேண்டாம், எரியும்.

அண்ணன் கல்ஃப்ல இருந்து கொண்டு வந்து மூணு வருஷம் ஆச்சு. கறுத்துப் போச்சு, போடலாமா?

கறுத்தது மட்டும் என்றால் பயம் வேண்டாம். வனிலா மணம் தரும் வனிலின் நாளாக ஆகப் பழுப்பாகும், வார்ம் வகைகளில் இது சாதாரணம். மணம் புளித்தோ, பெயின்ட் மாதிரியோ, பழைய எண்ணெய் மாதிரியோ வந்தால் தூக்கிப் போடுங்கள். முதல் இரண்டு நிமிடம் மட்டும் ஒரு மாதிரி வந்து அப்புறம் சரியாகிவிட்டால் மேல் மணம் மட்டும் கெட்டிருக்கும், வீட்டில் போட்டுத் தீர்க்கலாம்.

கெடுப்பது மூன்று: வெளிச்சம், சூடு, காற்று. நம் வீடுகளில் சென்ட் பாட்டில் அழகுக்காக ஜன்னல் பக்கத்து ஷோகேஸில் நிற்கும், உள்ளே சரக்கு வேகும். பெட்டியோடு அலமாரியில் துணிக்கு நடுவில் வையுங்கள். விசேஷத்துக்கு விசேஷம் என்று பத்து வருஷம் பாதுகாக்கிற பழக்கத்தையும் விடுங்கள்.

ஆன்லைன்ல பாதி விலைக்குக் கிடைக்கு. வாங்கலாமா?

நானே ஒரு தடவை மாட்டினேன். கடைக்காக ஓர் ஆன்லைன் விற்பனையாளரிடம் ஆறு பாட்டில் எடுத்தேன். பெட்டி, செலோபேன், எல்லாம் கச்சிதம். முதல் இருபது நிமிடம் மணமும் கச்சிதம். ஒரு மணி நேரத்தில் வெறும் தகர வாடை. அப்புறம் பார்த்தால் பெட்டியின் பின்பக்கத்தில் ஒரு சொல்லில் எழுத்துப் பிழை. பெட்டியில் இருந்த பேட்ச் எண்ணும் பாட்டிலின் அடியில் இருந்ததும் வேறு வேறு. இந்த இரண்டையும் முதலில் பாருங்கள். மூடி ஆடுகிறதா, குழாய் தேவைக்கு மேல் நீண்டு மடங்கிக் கிடக்கிறதா, அடித்தால் புகையாக வராமல் தாரையாக வருகிறதா என்றும் பாருங்கள். போலியில் மேல் மணத்தைத்தான் காப்பியடிப்பார்கள், மஸ்க் அடி இருக்காது. ஆகவே மூன்று மணி நேரச் சோதனை இங்கேயும் உதவும்.

ஆம்பிளைங்க போடலாமா?

தாராளமாக. அரபு நாடுகளில் ஆண்கள் ரோஜாவும் ‘ஊத்’ என்கிற அகில் மணமும் கலந்து போடுவது வழக்கம். ‘பெண்களுக்கு’ என்பது பெட்டியின் நிறத்தில்தான் இருக்கிறது.

துபாய் போறேன், எத்தனை பாட்டில் கொண்டு போகலாம்?

திருவனந்தபுரத்தில் ஏறுகிறவர்கள் கேட்பது. கையில் வைத்திருக்கும் பையில் ஒவ்வொரு பாட்டிலும் 100 மில்லிக்குள் இருக்க வேண்டும். செக்-இன் பண்ணுகிற பெட்டியில் போட்டால் ஒரு பாட்டில் அரை லிட்டருக்கு மேல் கூடாது, எல்லாம் சேர்ந்து ஒரு ஆளுக்கு 2 லிட்டர். மூடியைச் சுற்றி டேப் ஒட்டி ஜிப் கவரில் போடுங்கள்.

கல்யாணப் பொண்ணுக்குப் பரிசா கொடுக்கணும், அவளுக்கு என்ன பிடிக்கும்னு தெரியாது...

தெரியாமல் 100 மில்லி வாங்காதீர்கள். 30 மில்லியோ, சின்னச் சின்னதாக மூன்று நாலு உள்ள செட்டோ வாங்குங்கள். தலைவலி உள்ள பெண்ணா என்று அவள் அம்மாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கல்யாணத்தன்று மாலை, பிச்சி, சந்தனம், ஹோமப் புகை அல்லது கிறிஸ்தவக் கோயிலில் குந்திரிக்கப் புகை என்று ஏற்கெனவே ஏகப்பட்ட மணம் இருக்கும். அன்றைக்கு எதுவும் வேண்டாம், மறுவீட்டுக்குப் போகும்போது போட்டுக்கொள்ளட்டும்.

எக்கா, நீங்க என்ன சென்ட் போடுவிய?

கடையில் எதுவும் போடுவதில்லை. போட்டால் வருகிறவர் கையை முகர்ந்து ஒன்றும் சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டில் ஒரு பழைய ரோஜா மஸ்க், பேர் அழிந்துபோன பாட்டில், முழங்கை மடக்கில் ஒரு அழுத்து. எனக்கு அந்த மஸ்க் பாதிதான் தெரிகிறது. இருக்கா, போச்சா என்று மகளைக் கூப்பிட்டுத்தான் கேட்பேன்.